கால் தர மறுத்த நாள்

போன மாதம் எங்கள் பட்டறையில் இருந்த பிளாஸ்டர் தொட்டியை எடுத்துவிட்டார்களாம். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த ரேவதி தொலைபேசியில் சொன்னார். கையில் பிடிக்கிற மாதிரி ஒரு கருவி வந்திருக்கிறது. வெட்டுப்பட்ட காலைச் சுற்றி அதை ஒருமுறை கொண்டுபோனால் அளவு முழுவதும் கணினித் திரையில் விழுந்துவிடுகிறது. நாங்கள் அரை நாள் உட்கார்ந்து செய்த வேலை அது. நல்லதுதான். ஈரப் பிளாஸ்டர் இறுகும்வரை அசையாமல் உட்கார முடியாமல் தவித்த முதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரேவதி அழைத்தது அதற்காக மட்டும் அல்ல. பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றுகிறார்கள்.

"சார், அஞ்சலை அக்கா ஃபைலைப் பார்த்தேன். ஒரு தேதியில 'கால் வழங்கப்படவில்லை'ன்னு ஒரே ஒரு வரி. கீழ உங்க கையெழுத்து. காரணம் எதுவும் இல்ல. அவங்க எவ்வளவு பெரிய பிளேயர்! ஏன் சார் தரல? புதுசா சேர்ந்தவங்க எல்லாம் கேக்கறாங்க. எழுதிக் குடுங்களேன்."

எழுதுகிறேன்.

நான் செயற்கைக் கால் செய்கிறவன். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய பட்டறையில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஐடிஐயில் ஃபிட்டர் படித்தேன். இரண்டு வருடம் மோட்டார் பட்டறை. பிறகு இந்த வேலைக்கென்று ஒரு டிப்ளமோ. படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். வேலையைப் பழகியது சாமுவேல் சாரின் கீழ்.

சாமுவேல் சார் பட்டறைத் தலைவர். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஊதாப் பென்சில் இருக்கும். கால் பொருத்திப் பார்க்கும் அறையில் அவருக்கு நாற்காலி கிடையாது. அரையடி உயரப் பலகை ஒன்றைத் தரையில் போட்டு, நோயாளியின் முட்டி தன் கண்ணுக்கு நேராக வரும்படி உட்கார்ந்துகொள்வார்.

வருகிறவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி எல்லோரையும் திடுக்கிட வைக்கும். "உங்க வீட்ல கக்கூஸ் எப்படி? குந்தறதா, உக்கார்றதா?" அடுத்து, "எந்த பஸ்ல போவீங்க? வாசல்ல எத்தனை படி?" இவற்றையெல்லாம் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிய பிறகுதான் காலைத் தொடுவார். நடப்பது ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான், மற்ற நேரமெல்லாம் மனிதன் உட்கார்வதும் எழுவதும் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருக்கிறான் என்பது அவர் கணக்கு.

காலில் மெல்லிய துணியுறை மாட்டி, அதன்மேல் எலும்பு துருத்தும் இடங்களை ஊதாப் பென்சிலால் குறிப்போம். பிளாஸ்டர் சுற்றி எடுத்தால் குறிகள் அச்சின் உள்பக்கம் பதிந்து வரும். அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றினால் அந்த ஆளின் காலே வெள்ளையாக நம் மேஜைமேல் நிற்கும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார் பாரம் தாங்கும், அங்கே அரத்தால் செதுக்கிக் குழிவு தர வேண்டும். முன்னெலும்பின் விளிம்பு தாங்காது, அங்கே பூசி மேடாக்கி இடம் விட வேண்டும். கால் நுழையும் கிண்ணத்தை அந்த உருவத்தின்மேல்தான் வார்ப்போம். ஒரு நூல் தப்பினாலும் தோல் காட்டிக் கொடுத்துவிடும்.

கால் தயாரானதும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இருபது தடவை நடக்கச் சொல்வார். "கழட்டுங்க, பார்ப்போம்" என்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைப்பார். பத்து நிமிடம். தோலில் ஏறிய சிவப்பு அதற்குள் மறைந்தால் கால் வீட்டுக்குப் போகலாம். மறையாவிட்டால் பட்டறைக்குத் திரும்பும். செங்கல்பட்டுக்கு அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் கெஞ்சுவார்கள், சிலர் அழுவார்கள். சார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"முகத்தைப் பாக்காத கோபால்," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "நம்ம மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு வலிச்சாலும் சிரிப்பாங்க. தோலைப் பாரு."

அஞ்சலை எங்களிடம் வந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. கோவளம் பக்கம் ஒரு மீனவக் குப்பம். கணவர் கடலுக்குப் போகிறவர், ஒரு பெண் குழந்தை. அஞ்சலையும் மாமியாரும் விடியற்காலையில் மீன் எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வந்து விற்பார்கள். அப்படி வரும்போது ஷேர் ஆட்டோமேல் டிப்பர் லாரி ஏறிவிட்டது. இடது கால் முட்டிக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்துவிட்டார்கள். முட்டி தப்பியது. எங்கள் தொழிலில் அது பெரிய விஷயம். சொந்த முட்டி இருந்தால் பஸ் ஏறலாம், குந்தி உட்காரலாம், மீன் வெட்டலாம்.

நடக்கும் கால் ஒன்று செய்து கொடுத்தோம். நன்றாகப் பொருந்தியது. இரண்டு மாதத்தில் ரப்பர் பாதம் உடைந்து வந்தார். மாற்றினோம். அடுத்த மாதம் மறுபடியும்.

"எப்படிம்மா உடைஞ்சுது?" என்று கேட்டேன்.

"தெர்ல சார். நடந்துகினு இருந்தேன், பட்டுனு வுட்டுப்போச்சி."

சாமுவேல் சார் பாதத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நடந்தா கொஞ்சம் கொஞ்சமா தேயும். இது ஒரே அடியில பிளந்திருக்கு. ஓடி வந்து, முழு உடம்பையும் இந்தக் கால்மேல போட்டு, சடார்னு நின்னிருக்கீங்க. என்ன பண்றீங்க?"

அஞ்சலை தரையைப் பார்த்தார். "ஈட்டி எறியறேன் சார்."

பள்ளிக்கூடத்தில் எறிந்தவர். கல்யாணத்தோடு நின்றுபோனது. விபத்துக்குப் பிறகு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கப் போன அலுவலகச் சுவரில் தடகளப் போட்டி அறிவிப்பைப் பார்த்திருக்கிறார். ஒரு கல்லூரி மைதானப் பயிற்சியாளரிடம் கேட்க, அவர் வரச் சொல்லியிருக்கிறார். மீன் விற்று முடித்துக் கூடையைக் கழுவிவிட்டு அங்கே போய்க்கொண்டிருந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

திட்டு விழும் என்று அஞ்சலை எதிர்பார்த்தார். நானும் எதிர்பார்த்தேன். சார் கேட்டது, "எந்த கிரவுண்டு? எத்தனை மணிக்கு?"

மறுநாள் நானும் சாரும் அந்த மைதானத்தில் இருந்தோம். சார் வெயிலில் புல்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒன்பது தடவை எறியச் சொன்னார். ஒருமுறைகூட ஈட்டி எங்கே போய் விழுகிறது என்று பார்க்கவில்லை. வலது கைக்காரர்கள் கடைசி அடியில் இடது காலை முன்னால் ஊன்றி, ஓடி வந்த வேகத்தை அந்தக் காலில் நிறுத்தித்தான் எறிய வேண்டும். அஞ்சலை இழந்தது அந்தக் காலை.  திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சார் சொன்னார்: "இவங்களுக்கு ரெண்டாவதா ஒரு கால் வேணும். இப்ப இருக்கறது நடக்கிற கால். அடுத்தது எறியற கால்."

அதைச் செய்ய நான்கு மாதம் ஆனது. மூன்று உடைந்தன. கடைசியில் முட்டியின் இருபுறமும் எஃகுப் பட்டை வைத்து, மேலே தொடையைச் சுற்றி இறுக்கிக் கட்டும் தோல் கச்சு ஒன்று போட்டோம். ஊன்றும்போது விழும் அதிர்வில் பாதி தொடைக்குப் போனது. பாதத்தை ஒரு விரல்கடை உள்பக்கம் திருப்பி வைத்தோம். அஞ்சலை இரண்டுக்கும் பெயர் வைத்தார்: வூட்டுக் காலு, கிரவுண்டு காலு.

தோல் கச்சு வெளியே இருப்பதால் அரைக்கால் சட்டைதான் போட முடியும். அதில்தான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. மாமியார் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார் இது? குடும்பத்துப் பொம்பள அர டவுசர் போட்டுகினு ஆம்பளைங்க முன்னாடி ஓடறதா? குப்பமே சிரிக்கும்."

நாங்கள் பதில் சொல்வதற்குள் அஞ்சலையே சொன்னார். "நான் கட்டைய ஊணிகினு போனப்போ யாரும் சிரிக்கல அத்தே. அழுதாங்க. தெனம் அழுதாங்க. அதுக்கு இவங்க சிரிக்கறதே தேவல."

மாமியார் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் சாமுவேல் சார் ஓய்வு பெற்றார். பொறுப்பு என்னிடம் வந்தது. அஞ்சலை மாவட்டப் போட்டியில் முதலிடம் எடுத்தார். மாநிலப் போட்டிக்குச் சில வாரங்கள் இருந்தன. அதில் முதலாவதாக வருகிறவர் தேசியப் போட்டிக்குப் போகலாம். பயிற்சியால் அவருடைய கால் இளைத்திருந்தது. கிண்ணம் தளர்ந்துவிட்டது. எறியும் கால் ஒன்று புதிதாகச் செய்தேன்.

பொருத்திப் பார்த்த அன்று நடந்ததைத்தான் நான் கோப்பில் எழுதவில்லை. இருபது தடவை நடந்தார். கழற்றினார். கடிகாரத்தைத் தரையில் வைத்தேன். முன்னெலும்பின் நுனியில் சிவப்பு இருந்தது. மங்கிக்கொண்டே வந்தது. ஆறாவது நிமிடத்தில் அவர் சொன்னார், "போதும் சார். அத்தே மார்க்கெட்டுல தனியா கீது. பஸ்ஸு போய்டும்."

இன்னும் நான்கு நிமிடம். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். சிவப்பு மறைந்துவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது. "சரிம்மா, போயிட்டு வாங்க" என்றேன்.

பதினைந்து நாள் கழித்து வந்தார். கிண்ணத்துக்குள் இருந்த உறையை எடுத்ததும் வாடை அடித்தது. முன்னெலும்பின் நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் புண். ஓரம் கறுத்திருந்தது. அவர் வலியை வெளியே சொல்லவில்லை. ஈட்டி முன்பைவிடத் தூரம் போய்க்கொண்டிருந்ததாம்.

எங்கள் பட்டறைக்கு வந்து போகும் அறுவைச் சிகிச்சை மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு குச்சியால் ஆழம் பார்த்தார். "எலும்புக்கும் புண்ணுக்கும் நடுவுல இன்னும் கொஞ்சம் சதை இருக்கு. எலும்பைத் தொட்டுடுச்சுன்னா அப்புறம் முட்டிக்கு மேலதான் எடுக்கணும். அஞ்சு வாரம் இந்தக் கால்ல எதுவும் மாட்டக் கூடாது." போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

மருத்துவர் போனதும் எறியும் காலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கோப்பில் அந்த ஒரு வரியை எழுதினேன்.

"குடு சார்," என்றார் அஞ்சலை.

"முடியாது."

"மூணு வாட்டி எறியணும். அவ்ளோதான். மூணே வாட்டி. அப்புறம் நீயே வச்சிக்கோ. அஞ்சு வாரம் இன்னா, அஞ்சு மாசம் படுத்துக் கெடக்கறேன்."

"அந்த மூணுல ஒண்ணு போதும்மா, முட்டி போயிடும்." இதைச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "தப்பு என்னோடது. அன்னிக்குப் பத்து நிமிஷம் பார்க்கணும். ஆறு நிமிஷத்துல உங்களை அனுப்பிட்டேன். பார்த்திருந்தா சரி பண்ணியிருப்பேன். இந்தப் புண்ணே வந்திருக்காது."

அவர் தன் புண்ணைக் காட்டினார். "உன் தப்புக்கு எனக்கு தண்டனையா சார்?"

அலமாரிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.  பட்டறையில் வாங்கிய அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு அவர் கதவைத் தாண்டிப் போனார்.

அன்று மாலை சேலையூரில் சாமுவேல் சார் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். 

"எத்தனை நிமிஷம் பாத்தே?"

"ஆறு சார்."

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

காப்பியைக் குடித்து முடித்தார். "கால் குடுக்காத," என்றார்.  என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

போட்டிக்கு முந்தைய நாள் அறக்கட்டளைச் செயலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அஞ்சலை ஜெயித்தால் பட்டறையின் பெயர் செய்தித்தாளில் வரும் என்று நன்கொடையாளர்களிடம் அவர் சொல்லிவைத்திருந்தார். "ஒரு நாள்தானே கோபால். அவங்களே கேக்கறாங்க. எழுதி வாங்கிட்டுக் குடுத்துடுங்க." மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். முகம் சுளித்தார். அலமாரிக்கு இன்னொரு சாவி அவருடைய மேஜையில் இருந்தது எனக்குத் தெரியும். அதனால் காலை வெளியே எடுத்து, ஒரு கட்டைப்பையில் போட்டு, வீட்டுக்கே கொண்டுபோய்விட்டேன். மறுநாள் விடிந்ததும் மனைவி, "இதை இங்க வச்சிட்டு எங்க போறீங்க? யாராவது வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள். அதுவும் சரிதான். பையோடு ரயில் ஏறி மைதானத்துக்குப் போனேன்.

அஞ்சலை வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கட்டைகளோடு, போட்டி பனியனும் அரைக்கால் சட்டையுமாக நின்றுகொண்டிருந்தார். முட்டிக்குக் கீழே வெள்ளைக் கட்டு. அந்தக் காலைத் துணியால்கூட மூடவில்லை. என் கையில் இருந்த பையைப் பார்த்துவிட்டார்.

"கொண்டாந்துட்டியா சார்?"

"கொண்டு வந்திருக்கேன். ஆனா தரமாட்டேன்."

"அப்போ எதுக்குத் தூக்கினு வந்தே?"

"பட்டறையில இருந்தா யாராவது குடுத்துடுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் போய்ப் பார்வையாளர் படிகளில் உட்கார்ந்தேன்.

பெயர் கூப்பிட்டதும் கட்டைகளைப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு, ஈட்டியை ஊன்றி ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து எறியும் இடத்துக்குப் போனார். நடுவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். ஒருவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஓட்டப் போட்டியில்தான் செயற்கைக் கால் கட்டாயம், எறிதலில் இல்லை. எறியலாம் என்று கைகாட்டினார்கள்.

வலது காலில் கோட்டை ஒட்டி நின்று எறிந்தார். ஊன்ற இடது கால் இல்லை. கை போன பக்கமே உடம்பும் போனது. கோட்டைத் தாண்டி முகம் குப்புற விழுந்தார். செல்லாது என்று சிவப்புக் கொடி.

எழுந்தார். உள்ளங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். கோட்டைப் பார்த்தார், விழுந்த தடத்தைப் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். கோட்டுக்குப் பின்னால் தரையில் படுத்துக் கையை நீட்டினார். விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்படி பின்னால் நகர்ந்தார். வலது பாதம் இருந்த இடத்தில் விரலால் ஒரு கீறு போட்டார். கூட்டத்தில் சிலருக்கு அது புரியவில்லை. எனக்கு அளவெடுப்பதே தொழில், புரிந்தது. விழத்தான் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டார். விழுந்தாலும் கோட்டுக்குள் விழ வேண்டும். அதற்காக ஒவ்வொரு எறியிலும் தன் உடம்பின் நீளத்தை விட்டுக்கொடுக்கிறார்.

இரண்டாவது எறி. விழுந்தார். கை கோட்டுக்கு உள்ளேயே நின்றது. வெள்ளைக் கொடி. மூன்றாவதும் அப்படியே. விழும்போது இடது முட்டியை மடக்கி, புண் தரையில் படாமல் உயர்த்திக்கொண்டதைக் கவனித்தேன். மோவாயில் தோல் பெயர்ந்திருந்தது.

ஐந்து பேரில் மூன்றாவதாக வந்தார். தேசியப் போட்டி வாய்ப்பு போய்விட்டது. என் பக்கம் வராமல் பயிற்சியாளரின் வண்டியில் ஏறிப் போனார்.

ஆனால் மறுநாள் செய்தித்தாளில் அவர் படம் வந்தது. முதலில் வந்தவரின் படம் வரவில்லை, அது நியாயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈட்டி கையை விட்டுப் போய்விட்டது, அஞ்சலை அந்தரத்தில் விழுந்துகொண்டிருக்கிறார், கட்டுப் போட்ட அரைக்கால் படத்தின் நடுவில் இருக்கிறது. பட்டறையின் பெயர் எங்கும் இல்லை.

அந்தக் காலத்தில் எங்களிடம் வருகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், முதலில் கேட்பது ஒன்றுதான்: "வெளிய தெரியாம இருக்குமா?" தோல் நிறத்தில் நுரை உறை போட்டு, அதன்மேல் காலுறை போட்டு, அதன்மேல் புடவையைத் தரை தட்டக் கட்டுவார்கள். படம் வந்து இரண்டு வாரம் இருக்கும். கூடுவாஞ்சேரியிலிருந்து ஹேமா என்று ஒரு பெண் வந்தார். வங்கியில் வேலை. ஏழு வருடமாக எங்கள் காலைப் போட்டிருப்பவர். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் வந்த காய்ச்சலால் லேசாக இழுத்து நடப்பதாகச் சொல்லிவைத்திருந்தார். கைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார். நான்காக மடித்திருந்தார்.

"இவங்களுக்குக் கால் செஞ்சது நீங்கதானா சார்?"

"நான்தான். ஆனா அன்னிக்கு அந்தக் காலை நான் அவங்களுக்குத் தரல."

அவர் படத்தை மடித்து வைத்தார். "இந்த நுரை உறையை எடுத்துடுங்க சார். உள்ள வேர்த்து வேர்த்து நாறுது. லிஃப்ட் ரிப்பேர்னா மூணு மாடி ஏற முடியாம, வயித்து வலின்னு சொல்லி லீவு போட்டிருக்கேன். இனிமே சொல்லிடப் போறேன்."

எடுத்துவிட்டேன். வெறும் கம்பியும் பாதமுமாக நடந்து பார்த்தார். உறை இல்லாததால் கால் லேசாக இருந்தது. கண்ணாடி முன்னால் அதிக நேரம் நின்றார்.

அவருக்குப் பிறகு நிறையப் பேர். அஞ்சலையின் குப்பத்திலேயே காலைப் பரண்மேல் போட்டுவிட்டு நான்கு வருடமாக வீட்டோடு கிடந்த ஒருவர், அதைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு வந்தார். படத்தைப் பார்த்துவிட்டுத் துணிச்சலோடு வந்த சிலருக்குப் புண்ணைப் பற்றிச் சொல்லி நிதானப்படுத்தவும் வேண்டியிருந்தது. ஒரு கல்லூரி மாணவர் வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் வீரம் என்று நினைத்து, எங்களிடம் சொல்லாமல் ஓடிப் புண்ணாக்கிக்கொண்டார். ஒரே படம் இரண்டையும் செய்தது.

அஞ்சலை ஐந்து வாரம் கழித்து, சரியாகச் சொன்ன நாளில், பட்டறைக்கு வந்தார். புண் மூடியிருந்தது. அந்த ஐந்து வாரமும் மாமியார்தான் தனியாகக் கூடை சுமந்தார். அஞ்சலை வீட்டில் காலை உயர்த்திப் போட்டுக்கொண்டு, மணல் நிரப்பிய பாட்டிலைத் தூக்கித் தோளுக்கு மட்டும் பயிற்சி செய்திருக்கிறார். காலை மாட்டி, நடக்கச் சொல்லி, கழற்றச் சொன்னேன். நான் சொல்வதற்கு முன் அவரே என் கைக்கடிகாரத்தைச் சுட்டிக் காட்டினார். நாங்கள் இருவரும் பத்து நிமிடமும் தோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒருமுறை மார்க்கெட் பக்கம் போனபோது அந்த மாமியாரின் குரல் கேட்டது. பேரம் பேசிய ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பேப்பர்ல வந்தவ எம் மருமவ. மீனை நோண்டாத, எடுத்தா எடு, இல்லாங்காட்டி வுடு."

அடுத்த வருடம் அஞ்சலை மாநிலத்தில் முதலாவதாக வந்தார். தேசியப் போட்டியில் வெள்ளிப் பதக்கம். பிறகு இன்னும் சில பதக்கங்கள். இப்போது காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் மைதானப் பிரிவில் வேலை. பள்ளி விழாக்களுக்கும் மகளிர் தினத்துக்கும் அழைக்கிறார்கள். அப்படிப்பட்ட இரண்டு கூட்டங்களில் நானும் இருந்திருக்கிறேன். பேசுகிறவர்கள் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "பெயரே அஞ்சலை! எதற்கும் அஞ்சவில்லை!" கை தட்டுவார்கள்.

இதை எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கல்லூரிக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு. மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஆறு நிமிட விஷயம் உட்பட எல்லாவற்றையும் எழுதப்போவதாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "உனக்குத் தெரியாதது ஒண்ணு கீது சார்," என்றார்.

"என்னம்மா?"

"நீ புதுக் காலு குடுத்தியே, அப்போ பழைய கிரவுண்டு கால நான் திருப்பித் தரல. தளர்ந்துதான் இருந்துச்சி. ரெண்டு சாக்ஸ் சேத்துப் போட்டா நிக்கும். போட்டி அன்னிக்கு என் பையில அதான் இருந்துச்சி."

நான் அவருடைய இடது காலைப் பார்த்தேன்.

"நீ பையத் தூக்கினு காவல் காத்துகினு குந்தியிருந்தே. எனக்கு உன் காலு வேணாம் சார், எங்கிட்டயே காலு கீது. பாத்ரூம்ல போய் மாட்டிகூட பாத்தேன். மாட்டினேன்னா ஜெயிச்சிருப்பேன். சத்தியமா ஜெயிச்சிருப்பேன்."

"அப்புறம் ஏன் கழட்டினீங்க?"

"பயமா இருந்துச்சி." சாதாரணமாகத்தான் சொன்னார். "முட்டி போச்சின்னா கொழந்தைய இடுப்புல வச்சிகினு பஸ்ஸு ஏற முடியாது. அவ அப்போ சின்னவ.  கழட்டி பையில போட்டுட்டு அழுதேன். அப்புறம் வந்த வரைக்கும் எறிஞ்சுட்டுப் போலாம்னு வந்தேன். எல்லாரும் பயப்படாம ஒத்தக் கால்ல எறிஞ்சதா சொல்றாங்க. நான் பயந்துட்டுதான் சார் ஒத்தக் கால்ல எறிஞ்சேன்."

வெளியே கல்லூரிப் பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போகும்வரை இருந்துவிட்டுக் கேட்டேன்.

"இதையும் எழுதலாமா?"

"எழுது சார்," என்றார் அஞ்சலை. "ரெண்டு வாட்டி மேடையில சொல்லப் பாத்தேன். மைக்க வாங்கிட்டாங்க."